பெயரால் அமையுமோ அணி?

காற்பந்து இரசிகர் நால்வர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் அங்கே ஐந்து அணிகள் பிறக்கும். கோலாலம்பூரின் ஒட்டுக்கடைகளிலும் சிங்கப்பூரின் காப்பிக்கடைகளிலும் வார இறுதி இரவுகளில் இக்காட்சியைக் காணலாம். கோல்காவலர் யார் என்பதில் பெரும்பாலும் பூசல் எழுவதில்லை. தாக்குதல் ஆட்டக்காரர் யார் என்பதும் விரைவில் முடிவாகிவிடும். மத்தியத் திடலுக்கு யாரை நிறுத்துவது என்று வரும்போதுதான் குரல் உயர்கிறது, மேசை அதிர்கிறது, தேநீர் ஆறுவதை எவரும் கவனிப்பதில்லை.

இந்த வாதத்தைக் கற்றோர் சிலர் இகழ்வர். வேலையற்றோரின் வீண்பேச்சு என்பர். அவ்வளவு நேரத்தில் ஒரு நல்ல நூலைப் படித்திருக்கலாமே என்று ஆசிரியர்கள் மாணவரைக் கடிவதும் உண்டு. அந்த இகழ்ச்சி பொருத்தமற்றது. ஒரு குழுவுக்கு ஆள் தேர்வது எப்படி? திறமையை எதனைக் கொண்டு அளப்பது? திறமைசாலிகள் இருவர் சேரும்போது விளைவது என்ன? இவை சிறிய வினாக்கள் அல்ல. சங்கத்திலும் பள்ளியிலும் ஆட்சியிலும் இதே வினாக்கள் நாள்தோறும் எழுகின்றன. விளையாட்டுத் திடலில் அவற்றுக்கு விடை 90 நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது என்பது ஒன்றே வேறுபாடு.

ஆகவே இரசிகர்கள் வாதிடுவது குற்றமன்று. அவர்கள் வாதிடும் முறையே குற்றம். பெயர்களை அடுக்குகிறார்கள், அடித்த கோல்களை எண்ணுகிறார்கள், புகழ்பெற்ற நால்வரை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டால் வெற்றி தானே வரும் என்று நம்புகிறார்கள். அணி என்பது பெயர்களின் கூட்டுத்தொகை என்னும் இந்த மயக்கம், பெரிய நாடு ஒன்றின் காற்பந்தையே ஏறத்தாழப் பத்தாண்டுகள் அலைக்கழித்தது. அதனைக் கண்ட பின்னும் இரசிகர் திருந்தவில்லை என்பதே வருந்தத்தக்கது.

மத்தியத் திடலின் மூன்று பணிகள்

மத்தியத் திடலில் நிற்போர் செய்ய வேண்டிய பணிகள் மூன்று. எதிரணியிடமிருந்து பந்தை மீட்பது ஒன்று. மீட்ட பந்தை இழக்காமல் உரியவரிடம் சேர்ப்பது மற்றொன்று. முன்னேறிச் சென்று கோலடிப்பது அல்லது கோலடிக்க வழி செய்வது மூன்றாவது. இம்மூன்றில் மூன்றாவது பணி எல்லார் கண்ணிலும் படும். இரண்டாவது பணி கூர்ந்து நோக்குவோர் கண்ணில் படும். முதற் பணியோ, அது நடைபெறாதபோது மட்டுமே கண்ணில் படும்.

வீட்டின் முகப்பை வழிப்போக்கர் புகழ்வர். அடித்தளத்தை எவரும் புகழ்வதில்லை. அடித்தளம் பேசப்படும் நாள், சுவரில் வெடிப்புக் காணும் நாளே. மத்தியத் திடலின் முதற் பணியைச் செய்பவனின் நிலை இதுவே. அவன் பிழையின்றி ஆடிய நாளில் அவனுடைய பெயர் நாளிதழில் வராது. பெயரைக் கொண்டு அணி அமைக்கும் இரசிகன் முதலில் அணியிலிருந்து நீக்குவது அவனைத்தான்.

இங்கிலாந்து தந்த பாடம்

இக்கூற்றுக்கு இங்கிலாந்து அணியைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. லிவர்பூல் கழகத்தின் ஸ்டீவன் ஜெரார்ட், செல்சீ கழகத்தின் பிராங்க் லம்பார்ட் ஆகிய இருவரும் ஒரே காலத்தில் ஒரே நாட்டுக்குக் கிடைத்த செல்வங்கள். 2005 ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருது ரொனால்டினோவுக்குச் சென்றபோது, இரண்டாம் இடம் லம்பார்டுக்கும் மூன்றாம் இடம் ஜெரார்டுக்கும் கிடைத்தன. அத்தகைய இருவரை அருகருகே கொண்ட அணி அடுத்த ஆண்டு உலகக் கிண்ணத்துக்குப் புறப்பட்டது. கிண்ணம் வீட்டுக்கு வந்துவிட்டதாகவே இரசிகர் பலர் எண்ணினர்.

நடந்தது என்ன? கழகங்களில் மலைபோல் நின்ற இருவரும் நாட்டின் சீருடையில் ஒருவர் நிழலில் ஒருவர் மறைந்தனர். இருவரும் முன்னேறிச் சென்று கோலடிப்பதில் வல்லவர்கள். ஒருவர் முன்னேறினால் மற்றவர் பின்தங்க வேண்டும். பின்தங்குவது இருவருக்கும் இயல்பன்று. இருவரும் முன்னேறினால் அவர்களுக்குப் பின்னே ஆளில்லா வெளி விரிந்தது. இருவரும் தயங்கினால் தாக்குதல் நின்றது. 2006 உலகக் கிண்ணத்தில் லம்பார்ட் கோலை நோக்கிப் பலமுறை பந்தை அடித்தும் ஒரு கோலும் பெறவில்லை. காலிறுதியில் போர்த்துகலிடம் பினால்டி உதைகளில் 3-1 என இங்கிலாந்து தோற்றது. லம்பார்ட், ஜெரார்ட் இருவரின் உதைகளும் தடுக்கப்பட்டன.

அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே இந்நோயின் அறிகுறி தெரிந்திருந்தது. 2004 ஆம் ஆண்டு யூரோ போட்டியில் பெக்கம், ஜெரார்ட், லம்பார்ட், ஸ்கோல்ஸ் என நான்கு பெரும்பெயர்கள் மத்தியத் திடலில் நிறுத்தப்பட்டன. நால்வரில் எவரையும் விட மனமில்லாத தேர்வு அது. பால் ஸ்கோல்ஸ், மென்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் திடலின் நடுவில் நின்று ஆட்டத்தை இயக்கியவர். பந்தை எங்கே, எப்போது, எவ்வளவு விசையில் அனுப்ப வேண்டும் என்பதில் அவரை விஞ்சியவர் அந்நாட்டில் அன்று இல்லை. அவரை இடப்பக்க ஓரத்துக்குத் தள்ளினார்கள். காலிறுதியில் அந்த அணி வெளியேறியது. அவ்வாண்டு ஆகஸ்ட்டில், 29 வயதிலேயே, 66 ஆட்டங்களோடு ஸ்கோல்ஸ் நாட்டணியிலிருந்து ஓய்வு பெற்றார். கழகத்துக்கோ அவர் 2013 வரை ஆடினார். நால்வரையும் காக்க நினைத்த தேர்வின் பின்னே நால்வரில் ஒருவரை நாடு இழந்தது.

அதன் பின்னும் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 2010 உலகக் கிண்ணத்தில் அணித்தலைவர் ஜெரார்டையே இடப்பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆறாண்டுகளுக்கு முன் ஸ்கோல்ஸ் நின்ற அதே ஓரம்! இரண்டாம் சுற்றில் ஜெர்மனி 4-1 என வென்றது. லம்பார்ட் அடித்த பந்து கோட்டைக் கடந்தும் நடுவர் கோல் தரவில்லை என்பது உண்மையே. ஆயினும் அதன் பின் ஜெர்மனி அடித்த இரு கோல்களும் இங்கிலாந்து அணியின் நடுவே திறந்து கிடந்த வெளியிலிருந்து விரைந்து வந்த எதிர்த்தாக்குதல்களில் விளைந்தவை என்பதும் உண்மையே.

பின்னால் நின்றவர்கள்

அப்படியானால் இவ்விருவரும் கழகங்களில் மட்டும் ஒளிவீசியது எதனால்? இவ்வினாவை இரசிகர் கேட்பதில்லை. கேட்டிருந்தால் வாதம் அன்றே முடிந்திருக்கும்.

2005 மே 25 அன்று இஸ்தான்புல் நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். முதற் பாதியில் மிலான் 3-0 என முன்னணி வகித்தது. இடைவேளையின்போது லிவர்பூல் பயிற்றுநர் ரஃபயேல் பெனிதெஸ் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரை வெளியேற்றிவிட்டு டயட்மார் ஹமான் என்னும் ஜெர்மானியரை இறக்கினார். மூன்று கோல் பின்தங்கிய அணி, கோலடிப்பவரை இறக்காமல் பந்தை மீட்பவரை இறக்கியது! ஹமான் நடுவில் நின்று வாயிலைக் காத்தார். ஜெரார்ட் கவலையின்றி முன்னேறினார். 54 ஆம் நிமிடத்தில் ஜெரார்ட் தலையால் முட்டி ஒரு கோல் பெற்றார். அடுத்த ஆறு நிமிடங்களில் கோல் கணக்கு 3-3 ஆயிற்று. பினால்டி உதைகளில் லிவர்பூல் கிண்ணத்தை வென்றது. அவ்விரவைப் பற்றிப் பேசுவோர் ஜெரார்டின் பெயரைச் சொல்கிறார்கள். ஹமானின் பெயரைச் சொல்பவர் சிலரே.

லம்பார்டின் கதையும் அத்தகையதே. செல்சீ கழகத்தில் அவருக்குப் பின்னே கிளாட் மக்கலேலே நின்றார். 2004-05 பருவத்தில் செல்சீ 38 லீக் ஆட்டங்களில் 15 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்து வாகை சூடியது. அடுத்த பருவத்திலும் அதுவே வாகை சூடியது. லம்பார்ட் கோலடித்தபோது திடல் முழுதும் அவரை நோக்கி ஓடியது; மக்கலேலே தம் இடத்துக்குத் திரும்பி நின்றார்.

அந்த மக்கலேலேயை 2003 இல் விட்டுக்கொடுத்தது ரியால் மட்ரிட் கழகம். அதே கோடையில் டேவிட் பெக்கத்தை அது விலைக்கு வாங்கியது. சிடான், ஃபிகோ, ரொனால்டோ, ராவுல், பெக்கம் என உலகப் புகழ் முழுவதும் ஒரே அணியில் குவிந்தது. சட்டைகள் விற்றன, படங்கள் விற்றன. அந்தப் பருவத்தில் அணி ஸ்பானிய லீக்கில் நான்காம் இடம் பெற்றது. மீண்டும் லீக் வாகையர் பட்டத்தைக் காண அது 2007 வரை காத்திருக்க நேர்ந்தது. விளக்கைப் பெரிதாக்கியவர்கள் எண்ணெயை மறந்தார்கள். வேறென்ன சொல்வது?

ஐவர் சேர்ந்தனர், இருவர் சேரவில்லை

இவ்விடத்தில் எதிர்வாதம் செய்வோர் தம்மிடமுள்ள மிகச் சிறந்த சான்றை எடுத்து வீசுவர். “1970 ஆம் ஆண்டுப் பிரேசில் அணியை மறந்துவிட்டீர்களா? பெலே, டொஸ்டாவ், ஜெர்சன், ரிவலினோ, ஜெய்சின்யோ என ஐந்து பெரும் ஆட்டக்காரரையும் ஒன்றாக நிறுத்தியன்றோ பயிற்றுநர் சகாலோ உலகக் கிண்ணத்தை வென்றார்?” என்பர். கேட்பதற்கு வலிய வாதம் இது. ஆனால் அவ்வணியை அருகில் சென்று பார்த்தால் இவ்வாதமே எதிர்த்தரப்புக்குச் சான்றாக மாறிவிடும்.

அந்த ஐவரும் தத்தம் கழகத்தில் ஆடியவாறே பிரேசில் அணியில் ஆடவில்லை. நடுவில் ஆடிப் பழகிய ரிவலினோ இடப்பக்கம் சென்றார். ஜெய்சின்யோ வலப்பக்கம் சென்று, ஒவ்வோர் ஆட்டத்திலும் கோலடித்தார். டொஸ்டாவ் முன்னணியில் நின்று மற்றவர்க்கு வழி திறந்தார். மத்தியத் திடல் ஆட்டக்காரரான பியாசா பின்னிறங்கித் தற்காப்பு வரிசையில் நின்றார். இத்தனை பேரும் முன்னேறியபோது குளோடால்டோ என்னும் இளைஞர் நடுவே காவல் இருந்தார். பெரும்பெயர்கள் ஒன்றாக நின்றதால் அந்த அணி வெல்லவில்லை. ஒவ்வொரு பெயரும் மற்றொன்றுக்காகத் தன் வடிவை மாற்றிக்கொண்டதால் வென்றது.

அதே இறுதியாட்டத்தில் எதிரே நின்ற இத்தாலியைப் பாருங்கள். அந்நாட்டில் அவ்வாண்டு முழுதும் ஒரே வழக்கு: மத்தியத் திடலில் ஆட வேண்டியவர் மசோலாவா, ரிவேராவா? மிலான் நகரின் இரு கழகங்கள், இரு தலைவர்கள், இரு கட்சிகள். பயிற்றுநர் வல்கரேஜி முதற் பாதியில் மசோலாவையும் இரண்டாம் பாதியில் ரிவேராவையும் ஆடவிட்டு இரு தரப்பையும் நிறைவு செய்ய முயன்றார். அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியை வென்ற நான்காவது கோல் ரிவேராவுடையது. இறுதியாட்டத்திலோ, தோல்வி உறுதியான பின், ஆட்டம் முடிய ஆறு நிமிடங்கள் இருக்கும்போதுதான் அவர் இறக்கப்பட்டார். பிரேசில் 4-1 என வென்றது. நாடு திரும்பிய இத்தாலிய அணியை இரசிகர் தக்காளி வீசி வரவேற்றனர். ஐவரைச் சேர்க்கும் வழி கண்டது ஒரு நாடு. இருவரைச் சேர்க்க வழி காணாமல் அவர்களுக்கு நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்தது மற்றொரு நாடு.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. இரு சொற்கள் புணரும்போது நிகழ்வன எவை? பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை, அங்கே மாற்றமில்லை. பூவும் கொடியும் சேர்ந்தால் பூங்கொடி. இல்லாத ஓர் எழுத்து அங்கே தோன்றுகிறது. பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி; இருந்த எழுத்து திரிகிறது. மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். இருந்த எழுத்து கெடுகிறது. சொற்களைத் தனித்தனியே எவ்வளவு அறிந்திருந்தாலும், எச்சொல்லோடு சேர்கிறது என்பதை அறியாமல் விளைவைச் சொல்ல இயலாது. ஜெரார்டும் ஹமானும் சேர்ந்தபோது, தனித்து இல்லாத ஒன்று தோன்றியது. பிரேசிலின் ஐவர் சேர்ந்தபோது ஒவ்வொருவரும் திரிந்தனர், அணி சிறந்தது. ஜெரார்டும் லம்பார்டும் சேர்ந்தபோது இருந்தது கெட்டது. பெயர்ப்பட்டியல் எழுதும் இரசிகன் சொற்களை எழுதுகிறான், புணர்ச்சியை மறக்கிறான்.

மறுப்போர்க்கு விடை

இனி மறுப்போர் கூறுவன மூன்று. முதலாவது, “தோல்விகள் பினால்டி உதைகளில் நேர்ந்தவை, அது நற்பேறின்மை” என்பது. ஓர் ஆட்டத்துக்கு இவ்விடை பொருந்தும். எரிக்சன், மெக்லாரன், கபெல்லோ என மூன்று பயிற்றுநர் மாறிய பின்னும் அதே முடிச்சு அவிழாமல் கிடந்தது. மூவரையும் ஒரே வகையில் வாட்டும் நற்பேறின்மை உலகில் உண்டோ?

இரண்டாவது, “கோல்கள் பொய் சொல்லா” என்பது. லம்பார்ட் இங்கிலாந்துக்காக 106 ஆட்டங்களில் 29 கோல்களும், ஜெரார்ட் 114 ஆட்டங்களில் 21 கோல்களும் அடித்தனர். மத்தியத் திடல் ஆட்டக்காரர்க்கு இவை பெரிய எண்கள், எவரும் மறுக்கவில்லை. எனினும் கோல் கணக்கு மூன்றாம் பணியை மட்டுமே அளக்கிறது. பந்தை மீட்டவனுக்கு அதில் கணக்கேடு இல்லை. தராசில் ஏறாத பொருளுக்கு எடையே இல்லை என்று சொல்வது அறிவாகுமா?

மூன்றாவது, “குற்றம் ஆட்டக்காரர் மீதன்று, ஆட்ட அமைப்பின் மீதே. இருவர்க்கும் பின்னே ஒரு காவலரை நிறுத்தியிருந்தால் இருவரும் ஒளிவீசியிருப்பர்” என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் காவலரை நிறுத்த வேண்டுமானால் முன்னே நிற்கும் பெரும்பெயர் ஒன்றை நீக்க வேண்டும். எந்தப் பெயரை நீக்குவது என்று கேட்டவுடன் இம்மறுப்போர் மீண்டும் பெயர்களின் பின்னே ஒளிந்துகொள்கிறார்கள்.

அப்படி ஒரு பெயர் தற்செயலாக நீங்கியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2007 செப்டம்பரில் லம்பார்ட் காயமுற்றிருந்தார். அவருடைய இடத்தில் கேரத் பேரி என்னும் ஆரவாரமற்ற ஆட்டக்காரர் ஜெரார்டோடு நின்றார். 8 ஆம் நாள் இஸ்ரேலை 3-0 எனவும், 12 ஆம் நாள் ரஷ்யாவை 3-0 எனவும் இங்கிலாந்து வென்றது. இதனைக் கொண்டு பேரி எல்லா நோய்க்கும் மருந்து என்று கூறுவது மிகையாகும். அதே இணை அக்டோபரில் மாஸ்கோவில் 2-1 எனத் தோற்றது. மூவரும் ஒன்றாகத் தொடங்கிய நவம்பர் 21 ஆம் நாள் ஆட்டத்தில், சமநிலை கண்டாலே போதும் என்ற நிலையில், குரோஷியாவிடம் 3-2 எனத் தோற்று 2008 யூரோ வாய்ப்பை இங்கிலாந்து இழந்தது. அன்று கோல்காவலரின் பிழையும் ஒரு காரணம். இச்சான்றுகள் காட்டுவது ஒன்றே: புகழ் குறைந்த ஒருவர் சேர்ந்ததால் அணி தாழவில்லை. இரசிகர் அஞ்சிய அழிவு நேரவில்லை.

இகழ்ந்த வாயே புகழ்ந்தது

இவ்வழக்கில் நீதியும் அடங்கியிருக்கிறது. அதற்குச் சான்று ஓவன் ஹார்கிரீவ்ஸ்.

அவர் கனடாவில் பிறந்தவர். ஜெர்மனியின் பாயர்ன் மூனிக் கழகத்தில் வளர்ந்தவர். அக்கழகத்தோடு 2001 இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றவர். இங்கிலாந்து லீக்கில் அதுவரை ஆடாதவர். வாரந்தோறும் தொலைக்காட்சியில் தோன்றாத முகம் என்பதால் இங்கிலாந்து இரசிகர்க்கு அவர் அயலாராகவே பட்டார். 2006 உலகக் கிண்ணத்துக்கு முன் சொந்த நாட்டு இரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தனர். இவருக்கு அணியில் என்ன வேலை என்று கேட்டனர்.

போர்த்துகலுக்கு எதிரான காலிறுதியில் அவ்வினாவுக்கு விடை கிடைத்தது. 62 ஆம் நிமிடத்தில் ரூனி சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பத்துப் பேராகக் குறைந்த அணியில், கூடுதல் நேரம் முடியும்வரை, ஹார்கிரீவ்ஸ் திடலின் எல்லா மூலைகளிலும் ஓடினார், பந்தை மீட்டார், மீண்டும் ஓடினார். ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராக அவரே தேர்வு பெற்றார். பினால்டி உதைகளில் இங்கிலாந்து அடித்த ஒரே கோலும் அவருடையது. அவ்வாண்டின் சிறந்த இங்கிலாந்து ஆட்டக்காரர் யார் என்று இரசிகரிடம் வாக்குக் கேட்டபோது வென்றவரும் அவரே.

இகழ்ந்தவர்களே வாக்களித்தார்கள். இது இரசிகர்க்குப் பெருமையா, சிறுமையா? பிழை உணர்ந்து திருந்தியது பெருமையே. ஆயினும் ஒருவனுடைய உழைப்பைக் கண்டுகொள்ள 120 நிமிடங்களும் ஒரு சிவப்பு அட்டையும் ஒரு தோல்வியும் தேவைப்பட்டன. ஹார்கிரீவ்ஸ் அன்று புதிதாக எதையும் கற்றுவிடவில்லை. ஆண்டுகள் பலவாகச் செய்துவந்ததையே செய்தார். மாறியது அவருடைய ஆட்டமன்று, பார்த்தவர்களின் கண்.

ஸ்பெயின் கேட்ட வினா

2010 உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஸ்பெயின் சுவிட்சர்லாந்திடம் 1-0 எனத் தோற்றது. உடனே ஸ்பெயினிலும் வழக்கு எழுந்தது. புஸ்கெட்ஸ், சாபி அலோன்சோ என இரு காவலர் எதற்கு? ஒருவரை நீக்கிவிட்டுத் தாக்குபவர் ஒருவரைச் சேர்த்தால் ஆகாதா? பயிற்றுநர் வின்சென்டே தெல் போஸ்கே அசையவில்லை. புஸ்கெட்ஸ் இறுதிவரை நின்றார். அவருக்கு முன்னே சாவியும் இனியெஸ்தாவும் அச்சமின்றி ஆடினர். ஸ்பெயின் ஏழு ஆட்டங்களில் எட்டே கோல்கள் அடித்து, இரண்டே கோல்களை விட்டுக்கொடுத்து, ஜூலை 11 அன்று நெதர்லாந்தை 1-0 என வென்று முதன்முறையாக உலகக் கிண்ணத்தைப் பெற்றது. இரசிகர் சொற்படி ஆடியிருந்தால் கோல்கள் கூடியிருக்கலாம். கிண்ணம் வந்திருக்குமா என்பது ஐயமே.

காலம் மாறிவிட்டது என்று சிலர் ஆறுதல் கொள்வர். 2024 யூரோ போட்டியின் சிறந்த ஆட்டக்காரராக ஸ்பெயினின் ரோட்ரி தேர்வு பெற்றார். அவ்வாண்டின் தங்கப் பந்தும் அவருக்கே சென்றது. மத்தியத் திடலின் அடியில் நின்று காவல் செய்பவருக்கு உலகின் முதல் விருது! அடித்தளத்துக்கும் ஒரு நாள் மாலை விழுந்தது. ஆனால் அதே போட்டியில் இங்கிலாந்து என்ன செய்தது? பெலிங்கமும் ஃபோடனும் ஒருங்கே ஆடலாமா என்று நாடே வாதிட்டுக்கொண்டிருக்க, டெக்லன் ரைசுக்கு அருகில் யாரை நிறுத்துவது என்ற வினாவுக்கு விடை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறியது. முதலிரு ஆட்டங்களில் தற்காப்பு ஆட்டக்காரரான அலெக்ஸாண்டர் ஆர்னோல்டை நிறுத்தினார்கள். மூன்றாம் ஆட்டத்தில் கேலகர். பின்னரே 19 வயது கோபி மைனூ. இறுதியாட்டத்தில் ஸ்பெயின் 2-1 என வென்றது. பெயர்கள் மாறின, மயக்கம் மாறவில்லை.

வாதம் வளர்க, முறை மாறுக

வள்ளுவர் பொருட்பாலில் ஆளைத் தேர்வதற்கென்றே இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். தெரிந்து தெளிதல் ஒன்று. தெரிந்து வினையாடல் மற்றொன்று. முன்னது ஆளை ஆராய்வது. பின்னது ஆளை வினையோடு பொருத்துவது. முன்னதோடு நில்லாமல் பின்னதையும் வைத்ததில் ஆழ்ந்த கருத்து உண்டு. நல்லவன் என்று தெளிந்த பின்னும், எந்த வினைக்கு நல்லவன் என்று கேட்க வேண்டும். காற்பந்து இரசிகர் முதல் அதிகாரத்தோடு நூலை மூடிவிடுகிறார்.

இம்மயக்கம் திடலோடு நின்றால் கேடில்லை. திடலில் பழகிய கண்ணே வகுப்பறையிலும் பார்க்கிறது. நன்றாகப் பேசும் நால்வரை ஒரு குழுவில் சேர்த்துவிட்டு, குறிப்பெடுக்க ஒருவர் இல்லையே என்று பின்னர் வருந்தும் பள்ளிகள் உண்டு. மேடை ஏறுவோர் பெயரைப் பதாகையில் எழுதிவிட்டு, நாற்காலி அடுக்கியவன் பெயரை நன்றியுரையிலும் மறக்கும் சங்கங்கள் உண்டு. கோலடித்தவனுக்கு மட்டும் கைதட்டிப் பழகிய மாணவன், நாளை ஒரு நிறுவனத்துக்குத் தலைவனானாலும் கோலடித்தவனுக்கு மட்டுமே கைதட்டுவான்.

ஆதலால் ஆசிரியர்கள் மாணவரின் காற்பந்து வாதத்தைத் தடுக்க வேண்டுவதில்லை. அதனைச் செவ்விய வாதமாக்குவதே அவர்களுடைய கடமை. “இவன் சிறந்தவன்” என்று மாணவன் சொன்னால், “எதில் சிறந்தவன்?” என்று கேட்கட்டும். “இவனையும் சேர்க்கலாம்” என்றால், “யாரை நீக்குவாய்? நீக்கப்பட்டவன் செய்த வேலையை இனி யார் செய்வார்?” என்று கேட்கட்டும். “எத்தனை கோல் அடித்தான்?” என்று ஒருவன் கேட்டால், “பந்து அவனிடம் எப்படி வந்தது?” என்று மற்றொருவன் கேட்கப் பழகட்டும். இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன் கட்டுரை எழுதவும் கற்பான். மனிதரை மதிக்கவும் கற்பான்.

இரசிகர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த ஆட்டத்தில் ஒரு பத்து நிமிடம் பந்தைப் பாராமல், மத்தியத் திடலில் பின்னே நிற்கும் ஒருவனை மட்டும் பார்க்கட்டும். பந்து இல்லாதபோது அவன் எங்கே நகர்கிறான், யாருடைய வழியை அடைக்கிறான், தோழன் முன்னேறும்போது எந்த இடத்தை நிரப்புகிறான் என்பதை நோக்கட்டும். அதன் பின் மேசைக்குத் திரும்பி அணியை எழுதட்டும். முன்பு எழுதிய பட்டியலில் ஒரு பெயராவது மாறும். அவ்வாறு மாறும் பெயரில்தான் அணி தொடங்குகிறது.